கையெழுத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது?

அரசு ஒப்பந்தங்களுக்குப் போகிற பணத்தைப் பற்றித்தான் இந்த முறை அதிகக் கடிதங்கள் வந்திருந்தன. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: டெண்டர் அறிவிப்பு வருகிறது. யாருக்குக் கிடைத்தது, எவ்வளவுக்குக் கிடைத்தது என்பதையும் இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். இதற்கு மேல் என்ன வெளிப்படைத்தன்மை வேண்டும்? (கணக்கர் ஒருவர்)

பதில்: நீங்கள் சொல்வது பாதி வழிதான். டெண்டர் திறக்கிற நாளில் எல்லாம் சுத்தமாகவே தெரியும். 100 என்று மதிப்பிட்ட ஒரு வேலையை ஒருவர் 82-க்குச் செய்கிறேன் என்று கேட்கிறார், குறைந்த தொகை அவருடையது, வேலை அவருக்குப் போகிறது. இணையத்தில் நீங்கள் பார்ப்பது இந்த 82-ஐத்தான். ஆறு மாதம் கழித்து, மண் நினைத்ததைவிட இளகலாக இருக்கிறது, அடித்தளத்தை ஆழமாக்க வேண்டும் என்று ஒரு கூடுதல் பணி வருகிறது. அப்புறம் பொருள் விலை ஏறிவிட்டது என்று ஒரு திருத்தம், அப்புறம் கால நீட்டிப்பு, அந்த நீட்டிப்புக்கு ஒரு செலவு. கடைசி பில் 131-ல் முடிகிறது. 90-க்குக் கேட்டுத் தோற்றுப்போனவர் ஒருவர் இருப்பாரே, அவர் அந்த 90-க்கே முடித்துக் கொடுத்திருக்கக்கூடும்.

இதில் ஒவ்வொரு திருத்தமும் நியாயமானதாகவே இருக்கலாம், மண் நிஜமாகவே இளகலாக இருந்திருக்கலாம். ஆனால் யார் அளந்தார்கள், யார் ஒப்புதல் கொடுத்தார்கள், எந்த நாளில் என்கிற காகிதம் வெளியே வராதவரை நியாயமான திருத்தத்தையும் திட்டமிட்ட ஏமாற்றையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. நேர்மையான பொறியாளருக்கும் இதே சிக்கல்தான், தன் மேல் சந்தேகம் வந்தால் எடுத்துக் காட்ட அவரிடம் ஒன்றும் இருக்காது. அதனால்தான், ஒப்பந்தத் தகவலை எப்படி வெளியிடுவது என்று சொல்கிற, 2014-ல் வெளியான திறந்த ஒப்பந்தத் தரவுத் தரநிலை, ஒரு ஒப்பந்தத்தைத் திட்டமிடல், டெண்டர், தேர்வு, ஒப்பந்தம், செயலாக்கம் என்று ஐந்து கட்டமாகப் பார்க்கிறது. ஐந்துக்கும் ஒரே அடையாள எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் மதிப்பீட்டிலிருந்து கடைசியாகப் பணம் கொடுத்த நாள் வரை வந்துவிடலாம். பல அரசுகள் முதல் மூன்று கட்டத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன, பணம் வெளியே போவதோ கடைசிக் கட்டத்தில்.

கேள்வி: ஒப்பந்தத்தை முழுசாக வெளியிட்டே ஆக வேண்டும் என்று எந்த நாட்டிலாவது சட்டம் இருக்கிறதா? (கல்லூரி மாணவி)

பதில்: இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்லோவாக்கியா. அங்கே 2007-ல் ஓர் அமைச்சகம் சுமார் 12 கோடி யூரோ மதிப்புள்ள ஒப்பந்தத்துக்கான அறிவிப்பைத் தன் கட்டடத்துக்குள், வெளியாட்கள் போக முடியாத இடத்தில் இருந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்தது. விதிப்படி அறிவிப்பு கொடுத்தாயிற்று, படிக்க வேண்டியவர்கள் மட்டும் படிக்கவில்லை. விஷயம் வெளியே வந்து பெரிய ஊழல் விவகாரமாகி, அமைச்சர் பதவி இழந்தார். பிறகு 2010-ல் ஆட்சி மாறியது, 2011 ஜனவரி 1 முதல் ஒரு புதிய விதி வந்தது: அரசு செய்யும் ஒப்பந்தம் மையப் பதிவேட்டில் இணையத்தில் வெளியானால்தான் நடைமுறைக்கு வரும், அதுவும் வெளியானதற்கு மறுநாளிலிருந்து. கையெழுத்தாகி மூன்று மாதத்துக்குள் வெளியிடவில்லை என்றால் அப்படி ஓர் ஒப்பந்தமே போடப்படவில்லை என்று பொருள்.

வெளியிடாத அதிகாரிக்கு அபராதம் என்று எழுதியிருந்தால் அந்த அபராதத்தை வசூலிக்க இன்னொரு அதிகாரி வேண்டும், அவர் மனது வைக்க வேண்டும். இங்கே அது தேவையே இல்லை. வெளியாகாத ஒப்பந்தத்துக்குப் பணம் கேட்க முடியாது என்பதால் ஒப்பந்ததாரரே போய் நின்று "ஏற்றியாச்சா, ஏற்றியாச்சா" என்று கேட்டு வெளியிட வைப்பார். யாருக்குப் பணம் வர வேண்டுமோ அவரையே வெளிப்படைத்தன்மைக்குக் காவலாக நிறுத்திய விதி இது. மற்ற நாடுகள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

கேள்வி: நான் ஒப்பந்ததாரர். என் விலைப் பட்டியலை ஊருக்கெல்லாம் காட்டினால் போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை ஏற்றிவிட மாட்டார்களா? தொழில் ரகசியம் என்று ஒன்று இல்லையா?

பதில்: நியாயமான பயம். 1993-ல் டென்மார்க்கின் போட்டி ஆணையம், போட்டி கூடட்டும் என்ற நல்ல எண்ணத்தில், தயார்நிலை கான்கிரீட் (ஆலையிலேயே கலந்து வருவது) விற்கும் நிறுவனங்கள் நிஜமாக வாங்கிய விலைகளை நிறுவனவாரியாக வெளியிடத் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறிவிட்டது. அடுத்தவர் என்ன வாங்குகிறார் என்று தெரிந்ததும் குறைத்து விற்பதை நிறுத்திக்கொண்டார்கள் என்பதே அதை ஆராய்ந்தவர்களின் விளக்கம். எனவே எதை வெளியிடுவது என்பது போலவே எப்போது வெளியிடுவது என்பதும் முக்கியம். டெண்டர் திறக்கும் வரை யார் கேட்டிருக்கிறார்கள், எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்பது மூடியே இருக்கட்டும். முடிவான பிறகு தோற்றவர்கள் கேட்ட தொகை உட்பட எல்லாம் வெளியே வர வேண்டும். உக்ரைனில் 2016 ஆகஸ்ட் முதல் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயமான புரோசோரோ என்கிற இணையவழிக் கொள்முதல் முறை இப்படித்தான் நடக்கிறது, ஏலம் நடக்கும்போது பெயர் தெரியாது, முடிந்ததும் "எல்லோரும் எல்லாம் பார்க்கலாம்".

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சிண்டிகேட் போடுகிறவர்களுக்கு வெளியீடு தேவையே இல்லை, அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தெரியாமல் இருப்பது மக்களுக்குத்தான். தோற்ற டெண்டர்களும் வெளியே இருந்தால்தான் அதே நான்கு பேர் முறை வைத்து ஜெயிப்பதும், தோற்றவரே பிறகு உள்குத்தகைக்கு வருவதும், மூன்று விண்ணப்பத்திலும் ஒரே எழுத்துப்பிழை இருப்பதும் கண்ணில் படும். நிறுவனங்களின் நிஜ உரிமையாளர் யார் என்பதும் பதிவேட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று நிறுவனப் போட்டி என்று நாம் நினைப்பது ஒரே குடும்பமாக இருக்கும்.

தொழில் ரகசியம் கேட்கிறீர்கள். தயாரிப்பு முறை, சூத்திரம் போன்றவற்றை மறைக்கலாம், தவறில்லை. ஆனால் மக்கள் பணத்தில் கொடுத்த விலை ரகசியமாக இருக்க முடியாது. மறைத்த வரி எது, ஏன், எத்தனை நாளைக்கு என்று எழுதி வைத்துவிட்டு மறைக்கட்டும்.

கேள்வி: பெருந்தொற்று, போர் மாதிரி அவசர நேரத்தில் இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

பதில்: டெண்டர் இல்லாமல் வாங்கலாம், தப்பில்லை. வாங்கியதைச் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. கொரோனா காலத்தில் பிரிட்டன் சுகாதார அமைச்சகம் பல ஒப்பந்தங்களை விதிப்படி 30 நாளுக்குள் வெளியிடவில்லை. அது சட்டவிரோதம் என்று 2021 பிப்ரவரியில் அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போருக்கும் இதே பதில்தான். 2023 ஜனவரியில் உக்ரைன் ராணுவ உணவு ஒப்பந்தத்தில் ஒரு முட்டைக்கு 17 ஹிரிவ்னியா (அந்த நாட்டு நாணயம்) போட்டிருந்ததை ஒரு பத்திரிகையாளர் வெளிக்கொண்டு வந்தார், கடையில் அப்போது சுமார் 7. குண்டு விழுந்துகொண்டிருக்கிற நாட்டில், ஆயுதமல்லாத ராணுவக் கொள்முதலின் விலைகளை வெளியிட வேண்டும் என்று அடுத்த சில வாரங்களிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். முட்டை விலையில் எதிரிக்குத் தெரியக்கூடாத ரகசியம் என்ன இருக்கிறது?

கேள்வி: ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பாகப் போட்டால் போதாதா?

பதில்: போதாது. தேட முடியாது, கூட்ட முடியாது. ஆயிரம் பக்கத்தைப் படமாகப் போடுவது மறைப்பதற்குச் சமம். அட்டவணையாக வேண்டும்.

கேள்வி: எல்லாம் சரி, ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம் ஐயா. தங்களுக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் படித்தால் போதும். ராஜஸ்தானில் 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்கிற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு பொதுமக்கள் விசாரணைக் கூட்டம் நடத்தி, அரசு வேலைகளின் வருகைப் பட்டியலையும் பில்லையும் கிராமத்தின் நடுவில் உரக்கப் படித்துக் காட்டியது. கூலி வாங்கியதாக இருந்த பெயர்களில் இறந்தவர்கள் பெயரும் இருந்தது. கட்டாத கட்டடத்துக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். தலைநகரில் உட்கார்ந்திருக்கிற தணிக்கையாளருக்கு அந்தப் பெயர்கள் வெறும் எழுத்து. பக்கத்து வீட்டுக்காரருக்கோ அவர் செத்து எத்தனை வருஷம் என்று தெரியும். 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தக் கூட்டங்கள் ஒரு முக்கியமான தொடக்கம்.

ஆனால் படிப்பது மட்டும் போதும் என்று சொன்னால் நான் உங்களுக்குப் பொய் சொன்னவனாவேன். இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமச் சாலைகளில் ஓர் ஆய்வு நடந்தது. போட்ட சாலையைப் பொறியாளர்கள் தோண்டி எடுத்து, எவ்வளவு கல், எவ்வளவு மணல் நிஜமாக உள்ளே இருக்கிறது என்று அளந்து பில்லோடு ஒப்பிட்டார்கள். அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொன்ன ஊர்களில் காணாமல் போன பணம் சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. மக்களைக் கூட்டத்துக்கு அழைத்ததால் மட்டும் சராசரியாகப் பெரிய மாற்றம் வரவில்லை. வெளியீடும் வேண்டும், அதைப் பார்த்துத் தோண்டிப் பார்க்க அதிகாரம் உள்ள ஒருவரும் வேண்டும்.

கேள்வி: நான் எங்கிருந்து தொடங்குவது? எனக்குக் கணக்கும் தெரியாது, சட்டமும் தெரியாது.

பதில்: நீங்கள் தினமும் கண்ணால் பார்க்கிற ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மதிப்பீடு, ஒப்பந்தம், பிறகு வந்த திருத்த ஆணைகள், கடைசி பில், இந்த நான்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கொடுத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து தொகையையும் தேதியையும் மட்டும் பாருங்கள், கூட்டல் கழித்தல் போதும். திருத்த ஆணையைத் தரத் தயங்கினால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு அந்த இடத்திலேயே மேல்முறையீட்டைத் தொடங்குங்கள்.