டம்ளரில் கலங்கியது கிணற்றுத் தண்ணீர்தானா?

கேள்வி: நாங்கள் நாற்பது வீட்டுக்காரர்கள் ஒரே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறோம். போன வாரம் ஆர்ஓ எனும் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க ஒருவர் வந்தார். எங்கள் தண்ணீர் ஒரு டம்ளர், அவர் கொண்டுவந்தது ஒரு டம்ளர். இரண்டிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை வைத்து சுவிட்சைப் போட்டார். ஒரே நிமிடத்தில் எங்களுடையது சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவருடையது அப்படியே இருந்தது. டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் மொத்த அளவு, 640 என்று மீட்டரிலும் காட்டினார். பாதிப் பேர் முன்பணம் கொடுத்துவிட்டார்கள். நானும் வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கலங்கல் கிணற்றிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. அதில் ஒரு கம்பி இரும்பு. உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும்; பாயப் பாய இரும்பு அரித்து, துருவாகக் கலங்கும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாய்வதில்லை, கலங்குவதும் இல்லை. அவர் மறுபடி வந்தால் அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுக் கம்பியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். அப்போது அவர் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

டிடிஎஸ் மீட்டர் பொய் சொல்வதில்லை, ஆனால் அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பின் மொத்த அளவை அது கணக்குப் போடுகிறது. கால்சியமும் உப்புதான், நைட்ரேட்டும் உப்புதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. ஆர்சனிக் என்ற நஞ்சுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல பத்து மடங்கு இருந்தாலும் 640 என்ற எண் அசையாது. கிருமியோ அந்த மீட்டரில் தெரியவே தெரியாது. 150 காட்டும் தண்ணீர் ஆளைப் படுக்கவைக்கலாம். 640 காட்டுவது, ருசி கொஞ்சம் கனமாக இருந்தாலும், ஒன்றும் செய்யாமல் போகலாம்.

அதனால் முதலில் ஆய்வகம், பிறகுதான் கடை. நாற்பது வீடும் பங்கு போட்டால் செலவு பெரிதாகத் தெரியாது. ஈ.கோலை (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமி), நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக், இரும்பு, மாங்கனீசு, இவற்றைக் கேட்டுப் பாருங்கள். ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமையும், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் கொடுக்கும் பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள். அதைக் கழுவக் கூடாது, மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டுப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். கிணற்று வாயில் ஒன்று, கடைசி வீட்டுக் குழாயில் ஒன்று என இரண்டாக எடுங்கள். முதலாவது சுத்தம், இரண்டாவதில் கிருமி என்றால் கோளாறு தொட்டியிலோ குழாயிலோ இருக்கிறது. அதற்கு வீட்டுக்கு வீடு கருவி வாங்குவது தண்டம். தொட்டியைக் கழுவி, ஒழுகும் இணைப்பை அடைத்து, பொதுவாகக் குளோரின் போட்டால் தீரும். இரும்பு மட்டும் கூடுதல் என்றால் தண்ணீரில் நன்றாகக் காற்றுப் படவிடுவதும் மணல் வடிகட்டியும் போதும். நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக் இவற்றில் ஏதாவது வரம்பு மீறியிருந்தால் ஆர்ஓவுக்கு நியாயம் இருக்கிறது. அப்போதும், குறிப்பிட்ட அந்த மாசை இது எவ்வளவு நீக்கும் என்பதற்கு அச்சிட்ட பரிசோதனைச் சான்று கேளுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு எத்தனை லிட்டர் கழிவாகப் போகும் என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள். ஒரே கிணற்றை நம்பி நாற்பது வீடுகள் இருக்கின்றனவே.

கேள்வி: எங்கள் கிணற்றில் நைட்ரேட் அதிகம் என்று அறிக்கை வந்திருக்கிறது. வீட்டில் நான்கு மாதக் குழந்தை. காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைகளுக்கு நைட்ரேட் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. உதடும் விரல் நுனியும் நீலம் பாயும். அப்படித் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். புட்டிப்பால் கலக்க வேறு நல்ல தண்ணீரை இன்றே ஏற்பாடு செய்யுங்கள். எருக்குழியோ கழிவுநீர்த் தொட்டியோ கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கேள்வி: கரி வடிகட்டி உள்ள கூஜா போதுமா?

பதில்: குளோரின் வாடை பிடிக்கவில்லை என்றால் போதும். நைட்ரேட், ஃபுளோரைடுக்கு உதவாது. கரியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதிலேயே கிருமி வளரும்.