ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு எது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்கு (உரத்துக்கு) தடை விதித்தபோது நெல் விளைச்சல் படுத்துவிட்டது. சேதனப் பசளையால், அதாவது இயற்கை உரத்தால், ஒரு நாட்டுக்குச் சோறு போட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி என்று இங்கே பலரும் சொல்கிறார்கள். அது சரிதானா?
– வாசகி, வவுனியா

பதில்: அந்த முடிவுக்கு அவ்வளவு விரைவாக வந்துவிட வேண்டாம் என்பதே என் கருத்து. 2019 தேர்தலின்போது கோத்தபாய ராஜபக்ச கொடுத்த வாக்குறுதி, பத்து ஆண்டுகளில் நாட்டைச் சேதன விவசாயத்துக்கு மாற்றுவது என்பதாகும். 2021 மே மாதத்தில் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல் அந்தப் பத்து ஆண்டுகளை ஒரே போகமாகச் சுருக்கிவிட்டது. சுற்றுலா வருமானம் நின்றுபோய் டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நேரம் அது. இறக்குமதிச் செலவை மிச்சப்படுத்தும் நோக்கமும் அந்த அறிவித்தலில் கலந்திருந்தது. ஆண்டின் சிறிய நெல் பருவமான சிறுபோகம் கையிருப்பில் இருந்த பசளையைக் கொண்டு ஓரளவு தப்பியது. அடி முழுவதும் பெரிய பருவமான பெரும்போகத்தின் மீது விழுந்தது. சீனாவிலிருந்து வரவிருந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கு செய்யும் பாக்டீரியா இருப்பதாகக் கண்டறியப்பட்டதால், அந்தச் சரக்கு கரையிறக்கப்படவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பல இடங்களில் விதைப்பு முடிந்திருந்தது. உலகச் சந்தையிலோ யூரியாவின் விலை பல மடங்கு ஏறியிருந்தது. அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல், முந்தைய பெரும்போகத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று விதை. உங்கள் வயல்களில் நிற்கும் பிஜி (Bg) நெல் ரகங்கள் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில், தழைச்சத்தை (நைட்ரஜனை) நிறைய வாங்கிக்கொண்டு சாயாமல் நின்று விளையும்படி உருவாக்கப்பட்டவை. அந்தப் பயிருக்கு வழக்கமாகக் கிடைத்த தழைச்சத்தை நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாக எதையும் கொடுக்காமல் விட்டால், எந்த முறை விவசாயமானாலும் அது வெளிறித்தான் போகும். ஆகவே அந்தப் போகத்தில் சேதன முறை சோதிக்கப்பட்டதாக என்னால் ஏற்க முடியவில்லை. சோதிக்கப்பட்டது கமக்காரர்களின் பொறுமை. மண்ணில் மட்கு சேர்வதற்கும், கால்நடையும், உழுது மண்ணோடு சேர்க்கும் பசுந்தாள் பயிரும் பெருகுவதற்கும் ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளைக் கொடுத்திருந்தாலும், தீவு முழுவதற்கும் போதுமான தழைச்சத்து கிடைத்திருக்குமா என்பது தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. அது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் ஒரு பண்ணையின் கணக்கு அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: என்னிடம் மூன்று ஏக்கர் நஞ்சையும் இரண்டு மாடுகளும் இருக்கின்றன. யூரியாவை அடியோடு விட்டுவிட்டுத் தொழு உரம் மட்டும் போட்டு நெல் எடுக்க நினைக்கிறேன். எவ்வளவு உரம் தேவைப்படும்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன், அதனால்தான் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது ஏறத்தாழ 21 கிலோ இருக்கிறது. நன்கு மட்கிய தொழு உரத்தில் அது அரை விழுக்காடு அளவில்தான் இருக்கும். எனவே ஒரு மூட்டை யூரியா தரும் தழைச்சத்தைத் தொழு உரமாகக் கொடுக்க நான்கு டன் வேண்டும். மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்குத் தமிழ்நாட்டில் எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஏக்கருக்குப் பன்னிரண்டு டன், உங்கள் நிலம் முழுவதற்கும் ஒரு போகத்துக்கு முப்பத்தாறு டன் தொழு உரம் தேவை. ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ சாணம் போடுவதாகக் கொண்டால் ஆண்டுக்கு மூன்றரை டன்னுக்குச் சற்று மேல் வரும். மட்கிய பின் அதில் பாதி மிஞ்சினாலே பெரிது. இரண்டு மாடுகளைக் கொண்டு ஒரு மூட்டை யூரியாவை ஈடுசெய்யலாம், அவ்வளவுதான். தொழு உரத்தில் உள்ள சத்து முழுவதும் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடுவதும் இல்லை. அது மெல்ல மெல்லத்தான் விடுபடும்.

இந்தக் கணக்கைப் பார்த்து நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை. யூரியாவின் கணக்கிலும் பெரிய ஓட்டை இருக்கிறது. நெல் வயலில் தூவும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மீதி அம்மோனியாவாக ஆவியாகிறது, நைட்ரேட்டாகக் கீழே இறங்குகிறது, ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகிக் காற்றில் கலக்கிறது. அந்த வாயு வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல இருநூற்று எழுபது மடங்கு வல்லது. ஆகையால் முதலில் வீணாவதைக் குறையுங்கள்: ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நான்கு தவணைகளாகப் பிரித்து, இலையின் பசுமையை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் இலை வண்ண அட்டையைப் பார்த்துத் தேவையானபோது மட்டும் இடுங்கள். தொழுவத்தில் வைக்கோல் பரப்பி மாட்டு மூத்திரத்தை அதில் ஊற விடுங்கள். மாட்டிடமிருந்து வெளியேறும் தழைச்சத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில்தான் இருக்கிறது, நம் தொழுவங்களில் அது மண்ணோடு போகிறது. நடவுக்கு முன் பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால், அது நன்றாக வளர்ந்த வயலில் ஏக்கருக்கு 25 கிலோ தழைச்சத்துக்குக் குறையாமல் கிடைக்கும். இவற்றையெல்லாம் சேர்த்துச் செய்தால் மூன்று மூட்டையை ஒரு மூட்டையாகக் குறைக்கலாம். சில ஆண்டுகள் அப்படிச் செய்துவந்த மண்ணில், அந்தக் கடைசி மூட்டையையும் விடலாமா என்பதை உங்கள் வயலே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: 2022இல் உக்ரைன் போரால் உலகெங்கும் உர விலை ஏறியது என்கிறார்கள். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா மூட்டை பழைய விலைக்கே கிடைத்ததே?
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

பதில்: மூட்டைக்கு 266 ரூபாய் 50 காசு என்ற விலை மாறாமல் இருந்ததற்குக் காரணம், வித்தியாசத்தை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. 2022–23இல் உர மானியச் செலவு 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. உலக விலை ஏறியதன் காரணம் உரம் செய்யும் முறையில் இருக்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜனை, யூரியாவுக்கு மூலப்பொருளான அம்மோனியாவாக்கும் வழியை 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்க்க, 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு அந்த ஒரு வேதிவினையை நம்பியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதற்கு ஹைட்ரஜனைத் தருவது பெரும்பாலும் இயற்கை எரிவாயு. எரிவாயுவையும் உரத்தையும் ஒருசேர ஏற்றுமதி செய்யும் ரஷ்யா போரில் இறங்கியதும் இரண்டின் விலையும் சேர்ந்து எகிறியது அதனால்தான். மானியம் கொடுக்க வசதியில்லாத ஆப்பிரிக்க நாடுகளின் சிறு விவசாயிகள் உரம் வாங்குவதையே குறைத்துக்கொண்டார்கள். நமக்குக் கிடைத்த பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு: யூரியா மட்டும் மலிவாக இருப்பதால் தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொட்டி, மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) பட்டினி போடும் வழக்கம் நம் வயல்களில் வேரூன்றிவிட்டது.

கேள்வி: சம்பா நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைக்க ஏற்ற காலம் எது?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: செப்டம்பர் நடுவில் நடவு செய்வதானால் ஜூலை கடைசிக்குள் விதைத்துவிடுங்கள். ஏக்கருக்கு இருபது கிலோ விதை போதும். நாற்பது முதல் நாற்பத்தைந்து நாளில், பூக்கத் தொடங்கும்போதே தண்ணீர் கட்டி மடக்கி உழ வேண்டும். அதற்கு மேல் விட்டால் தண்டு நாரேறி மட்க நாளாகும். உழுத பின் ஒரு வாரம் விட்டு நடுங்கள்.