செத்துப்போன செடிக்குக் காசு யார் தலையில்?

போன இதழில் மாடித்தோட்டம் பற்றி எழுதும்போது, ஆன்லைனில் செடி வாங்குவதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். வாங்கியவர்கள் எழுதியிருக்கிறார்கள், விற்பவர்கள் எழுதியிருக்கிறார்கள், பெட்டி கட்டும் ஒரு பெண்ணும் எழுதியிருக்கிறார். ஓசூர் பக்கம் ஒரு நர்சரியின் பேக்கிங் கொட்டகையில் நான்கு வருடம் கணக்கு எழுதியவள் நான். அதனால் இந்த முறை பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: ஆன்லைனில் ஆறு செடி, 2,340 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டாம் நாள்தான் பெட்டி வந்தது. திறந்ததும் ஒரே நாற்றம், நான்கு செடி அழுகிவிட்டது. பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்து 24 மணி நேரத்துக்குள் அனுப்பவில்லை, அதனால் பணம் கிடையாது என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?
— ஒரு வாசகர், தாம்பரம்

விடாதீர்கள் சார். கடைக்காரர் தன் இணையதளத்தில் எழுதிவைத்த நிபந்தனை சட்டத்துக்கு மேல் போகாது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் என்ன சொல்கின்றன என்றால், பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலோ, திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. (புயல், வெள்ளம் மாதிரி அவர் கையில் இல்லாத காரணத்தால் தாமதமானால் அது வேறு.) புகார் வாங்க ஒரு அதிகாரி இருக்க வேண்டும், 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். வீடியோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அழுகிய செடியின் போட்டோ, பெட்டி மேல் ஒட்டியிருக்கும் கூரியர் சீட்டு, பணம் கட்டிய ரசீது, மூன்றும் இருந்தால் போதும். முதலில் மின்னஞ்சலில் எழுத்தாகப் புகார் கொடுங்கள், போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. பதில் இல்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை பெங்களூரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

செடி ஏன் அழுகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈர மண்ணோடு இருட்டுப் பெட்டிக்குள் செடியை அடைத்தால் சில நாள்தான் தாங்கும், வெயில் காலத்தில் அதுவும் சந்தேகம். சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி கட்டினால் ஞாயிறு முழுக்க அது கூரியர் கிடங்கில் கிடக்கும். நல்ல நர்சரிக்காரர் திங்கள், செவ்வாய், புதனில் மட்டும் அனுப்புவார், முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிடுவார். ஆர்டர் குவியும்போது முதலில் காற்றில் பறப்பது இந்த இரண்டும்தான்.

கேள்வி: என் வயது 23. ஆன்லைனில் செடி விற்கும் நர்சரியில் பேக்கிங் வேலை. நாங்கள் பதினாறு பேர். காலை எட்டரைக்கு நின்றால் ராத்திரி ஏழு வரை நின்றபடிதான். நாள் கூலி எங்களுக்கு 380, அதே மேஜையில் அதே பெட்டியைக் கட்டும் ஆண்களுக்கு 500. வாடிக்கையாளர் வீட்டில் செடி செத்துப்போனால் அந்தப் பெட்டியைக் கட்டியவர் கூலியில் பிடிக்கிறார்கள். போன மாதம் எனக்கு 1,150 ரூபாய் போய்விட்டது. பேச்செடுத்தால் "இது விவசாய வேலை, ஒரு சட்டமும் வராது" என்கிறார் மேலாளர். அது உண்மையா?
— பெயர் வேண்டாம்

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நான் எழுதிய கணக்கு நோட்டிலும் "சேதம்" என்று ஒரு பத்தி இருந்தது. 299 ரூபாய்க்கு விற்ற செடி செத்தால், கட்டியவர் பெயருக்கு நேரே 299 என்று எழுதச் சொல்வார்கள். அந்தச் செடியை வளர்க்க ஆன செலவு, பை, மண், கூலி எல்லாம் சேர்த்து 40 ரூபாய்கூட இருக்காது. அதாவது, செத்த செடியிலும் முதலாளிக்கு லாபம். வாடிக்கையாளருக்கு "மாற்றுச் செடி இலவசம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அந்த இலவசத்தின் விலையை ஒரு பேக்கிங் பெண் கட்டிக்கொண்டிருப்பாள். முதல் வருடம் நான் வாயைத் திறக்காமல் எழுதினேன். அது தப்பு என்று தெரிந்தேதான் எழுதினேன்.

நீங்கள் செய்யும் வேலை என்னவென்று வெளியில் யாருக்கும் தெரியாது. பையைக் கிழித்து, வேரோடு ஒட்டியிருக்கும் தாய்மண் உதிராமல் செடியை இடது கையில் ஏந்தி, வேரைச் சுற்றி ஈரத் துணியோ பேப்பரோ சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் சுற்றி, தண்டை அட்டையோடு சேர்த்து டேப் ஒட்டி, பெட்டிக்குள் ஆடாமல் நிறுத்த வேண்டும். இத்தனையும் இரண்டு மூன்று நிமிடத்தில். ஈரக் கையில் டேப் ஒட்டாது, அதனால் பல்லால் கடித்து இழுப்பார்கள். சீசன் முடியும்போது விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். அப்படிக் கட்டிய பெட்டியைக் கூரியர்காரர் தலைகீழாகப் போட்டதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்?

சட்டமும் இதையேதான் கேட்கிறது. பொருள் சேதத்துக்காகக் கூலியில் பிடிக்க வேண்டுமென்றால், அந்தச் சேதம் உங்கள் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். பெட்டி கொட்டகையை விட்டுப் போய் ஐந்து நாள் கழித்துச் செத்த செடிக்கு இது எப்படிப் பொருந்தும்? கூலி வித்தியாசமும் அப்படித்தான். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது.

"விவசாய வேலை" என்ற பேச்சை எல்லா நர்சரியிலும் கேட்கலாம். நாற்று விடுவது, பதியன் போடுவது, களையெடுப்பது விவசாயம் என்றால் சரி. ஆர்டர் எடுத்து, பெட்டி கட்டி, சீட்டு ஒட்டி அனுப்புவது வியாபாரம், அதைக் கடை வேலை என்றுதான் வாதாட வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் என்றால் இரட்டைக் கூலி. 2021-ல் அதே சட்டத்தில் திருத்தம் வந்து, வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். 10 பேரோ அதற்கு மேலோ இருந்து, மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கேட்கலாம். உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், 10,000 சம்பளத்துக்கு 75 ரூபாய். மேலாளர் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்காமல் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆனால் தனியாகப் போகாதீர்கள். நாளைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள், அதை நான் பார்த்திருக்கிறேன். நான்கைந்து பேராவது சேர்ந்து போங்கள். அதற்கு முன் இன்றிலிருந்தே ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனைக்குப் போனேன், எவ்வளவு பிடித்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள். கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

கடிதத்தின் கடைசியில், மருந்தடித்த செடியை அன்றைக்கே கட்டச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிய பயம். மருந்து டப்பாவில் ஒரு கட்டம் இருக்கும், அதன் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. சிவப்போ மஞ்சளோ அடித்த செடியை அன்று தொட மாட்டோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். கையுறையும் முகமூடியும் கேளுங்கள். பல்லால் டேப் கடிக்கும் பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள், ஒரு கத்தரிக்கோல் போதும்.

கேள்வி: இலை ரோஸ் நிறத்தில் இருக்கும் ஒரு பிலோடென்ட்ரான் செடியை 1,800 கொடுத்து வாங்கினேன். நான்கு மாதத்தில் புது இலையெல்லாம் பச்சை. நான் வளர்த்த விதம் தப்பா?
— ஒரு வாசகி, திருப்பூர்

உங்கள் மேல் தப்பில்லை. 'பிங்க் காங்கோ' என்ற பெயரில் விற்றார்களா? அந்த நிறம் செடியின் இயல்பு கிடையாது, எத்திலீன் மாதிரியான வாயுவைக் கொடுத்து வரவைப்பது. அதன் வேகம் குறைந்ததும் பச்சைக்குத் திரும்பிவிடும். நீல ரோஜா விதை, வானவில் ரோஜா விதை எல்லாம் இதைவிட மோசம், அதில் செடியே கிடையாது, படம் மட்டும்தான்.

கேள்வி: வீட்டு மாடியில் செடி வளர்த்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். இப்போது கடியத்திலிருந்தும் மொத்தமாக வாங்கி விற்கலாமா என்று யோசனை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

தாராளமாக விற்கலாம் அம்மா. ராஜமுந்திரி பக்கம் இருக்கும் கடியம் நர்சரிகளிலிருந்து நாடு முழுக்கச் செடி போகிறது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. "எங்கள் சொந்தப் பண்ணையில் வளர்ந்தது" என்று மட்டும் போடாதீர்கள். கோதாவரிக் கரை மண்ணிலும் காற்றிலும் வளர்ந்த செடி லாரியில் வந்து இறங்கிய மறுநாளே பெட்டிக்குள் போனால் பிழைக்காது. குறைந்தது இரண்டு வாரம் உங்கள் நிழல்வலைக்குள் வைத்து, புதுத் துளிர் விட்ட பிறகு அனுப்புங்கள். நாற்று விற்க 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும், மாவட்ட விதை ஆய்வு அலுவலகத்தில் விசாரியுங்கள். உயிர்ச் செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு, பில்லில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. உதவிக்கு ஆள் வைத்தால், நூறு பெட்டிக்கு இத்தனை செடி சாகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு அதை விலையில் சேர்த்துவிடுங்கள். 199 ரூபாய்ச் செடியை 215-க்கு விற்றால் யாரும் ஓடிவிட மாட்டார்கள். அந்தப் பதினாறு ரூபாயை உங்களிடம் வேலை செய்யும் பெண்ணிடம் மட்டும் கேட்காதீர்கள்.