முழங்காலின் உட்பக்க வலி: பிளைக்கா பற்றி வாசகர் கேள்விகள்

முழங்கால் வலி பற்றி மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வந்த கேள்விகளில், பிளைக்கா, அதாவது முழங்காலுக்குள் இருக்கும் ஒரு சவ்வு மடிப்பு, சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். ஸ்கேன் அறிக்கையில் இந்தப் பெயரைக் கண்டு பயந்து எழுதியவர்களே அதிகம். அவர்களில் ஒருவரிலிருந்தே தொடங்குவோம்.

கல்லடி, ஆசிரியை, வயது 26: எம்.ஆர்.ஐ அறிக்கையில் "உட்பக்க பிளைக்கா காணப்படுகிறது" என்று எழுதியிருக்கிறது. இது கட்டியா? வெட்டி எடுக்க வேண்டுமா? எனக்கு வலி முழங்கால் சில்லுக்கு நேர் கீழே. படி இறங்கும்போதுதான் வரும்.

கட்டி இல்லை, நோயும் இல்லை. முழங்காலின் உள்ளே மூட்டுநீரைச் சுரக்கும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. நாம் கருவில் இருக்கும்போது இந்தச் சவ்வு மூட்டைத் தடுப்புகள் போலப் பிரித்து வைத்திருக்கும். மூட்டு உருவாகி வரும்போது அந்தத் தடுப்புகள் கரைந்துவிடும். முழுதாகக் கரையாமல் மிஞ்சுகிற மடிப்புத்தான் பிளைக்கா. சில்லுக்கு மேலே, கீழே, உட்பக்கம் என்று இது பலருக்கு இருக்கும். வெளிப்பக்கம் இருப்பது அபூர்வம். உட்பக்க மடிப்பை ஜப்பானிய வைத்தியர் ஈனோ 1939இலேயே வகைப்படுத்தியிருக்கிறார். இது இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் அது இருப்பது தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் வலி இருக்கும் இடமும் ஸ்கேன் காட்டும் இடமும் பொருந்தவில்லை. சில்லுக்கு நேர் கீழே, படி இறங்கும்போது வரும் வலிக்கு அங்குள்ள தசைநாரோ, சில்லின் பின்பக்கமோ காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்கேனில் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒரு மடிப்பை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். அறிக்கையோடு போய், முழங்காலைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மருதமுனை, நெசவாளர், வயது 38: இளவயதிலிருந்தே தறியில் இருக்கிறேன். இரண்டு மாதமாக வலது முழங்காலின் உட்பக்கம் வலி. கனநேரம் இருந்துவிட்டு எழும்பினால் "டிக்" என்று ஒரு சத்தம். நாலைந்து அடி நொண்டினால் பிறகு சரியாகிவிடும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். தேய்மானமா, சவ்வு கிழிந்துவிட்டதா?

படித்தவுடன் எனக்குப் பிளைக்காதான் நினைவுக்கு வந்தது. தறியை நாள் முழுக்க மிதிக்கும்போது முழங்கால் ஒரே அளவில் திரும்பத் திரும்ப மடங்கி நீள்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த மடிப்பு, தோணியின் விளிம்பில் கயிறு உரசுவது போல, தொடை எலும்பின் உட்பக்க முனையில் உரசிப் போகிறது. மடிப்பு மெல்லியதாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. உரசி வீங்கினால் தடிக்கிறது, தடித்தால் இன்னும் உரசுகிறது. நாள்பட்டால் நார் போல விறைத்து, பக்கத்துக் குருத்தெலும்பையும் கெடுக்கத் தொடங்கும். நெடுந்தூரம் சைக்கிள் ஓடுபவர்களுக்கும் முழங்காலில் நேரடியாக அடிபட்டவர்களுக்கும் இதே மாதிரி வரும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காலை நீட்டி, தொடையைத் தளர்த்தி இருங்கள். சில்லின் உள் ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, விரலால் மெதுவாக அழுத்தி உருட்டுங்கள். நாடா போல ஒன்று தட்டுப்பட்டு, "இதே வலிதான்" என்று சொல்லத் தோன்றினால் சந்தேகம் பலமாகிறது. மற்றக் காலிலும் அதையே செய்து ஒப்பிட வேண்டும். ஏனென்றால் நாடா மட்டும் வலியில்லாமலே பலருக்குத் தட்டுப்படும்.

வலி இரண்டு எலும்பும் சந்திக்கும் கோட்டில் இருந்து, கால் முறுகிய பிறகு தொடங்கி, முழங்கால் இடையில் பூட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் நீங்கள் கேட்ட சவ்வுக் கிழிவு (இது மூட்டுநீர் சுரக்கும் சவ்வு அல்ல, இரண்டு எலும்புக்கும் இடையே மெத்தை போல இருப்பது). அந்தக் கோட்டுக்குச் சுமார் இரண்டு அங்குலம் கீழே, உட்பக்கம் வலித்தால் அங்குள்ள தசைநார்ப் பையின் அழற்சியாக இருக்கலாம். தேய்மானம் உங்கள் வயதில் அவ்வளவாக எதிர்பார்க்கக் கூடியதல்ல, எக்ஸ்ரேயும் அதைக் காட்டவில்லை.

வைத்தியர் செய்யும் சோதனை ஒன்று எளிமையானது. காலை நீட்டி வைத்துச் சில்லின் உட்பக்கக் கீழ் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்துவார், வலிக்கும். அழுத்தத்தை எடுக்காமலே முழங்காலை 90 பாகை மடக்குவார். அப்போது வலி விட்டுப்போனால் அது பிளைக்காவின் பக்கம் பேசும் நல்ல சாட்சி. எக்ஸ்ரேயில் பிளைக்கா தெரியாது, வேறு நோய்கள் இல்லை என்று காட்டத்தான் அது. எம்.ஆர்.ஐகூடச் சில வேளை தவறவிடும். ஆகவே நீங்கள் சொல்லும் கதையும் வைத்தியரின் விரலும்தான் இங்கே முதன்மையானவை.

தறியை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, அது உங்கள் சோறு. ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை எழும்பிக் காலை நீட்டுங்கள். இருக்கையைச் சற்று உயர்த்த முடிந்தால் முழங்கால் மடங்கும் அளவு குறையும். வேலை முடிந்ததும் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். பயிற்சிகளைக் கீழே திருக்கோவில் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன், அவை உங்களுக்கும் பொருந்தும்.

சித்தாண்டி வாசகர்: எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் மடிப்பு விலகுமா?

விலகாது. ஏற்கெனவே வீங்கியதை அழுத்தி உருவினால் இன்னும் வீங்கும். தொடைத் தசைக்கு மெதுவாக எண்ணெய் தடவுவதில் குற்றமில்லை. வலிக்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

திருக்கோவில் வாசகர், வயது 45: பிளைக்கா என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ஆடிவேல் விழாவுக்குக் கதிர்காமம் நடந்து போக நேர்த்தி வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. முடியுமா?

மூன்று மாதம் நல்ல அவகாசம். பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சை இல்லாமலே ஆறு முதல் எட்டு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும், ஆனால் பயிற்சியை நாள்தோறும் செய்ய வேண்டும்.

முதலில், துவாயை உருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அதைக் கீழ்நோக்கி அழுத்தி, தொடையை இறுக்கி 5 விநாடி பிடியுங்கள். பத்துத் தடவை. அடுத்து மல்லாந்து படுத்து நல்ல காலை மடக்கி, வலிக்கும் காலை நேராக ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி 5 விநாடி பிடித்து இறக்குங்கள். இதுவும் பத்து, மூன்று சுற்று. அப்புறம் தொடையின் பின்பக்கத்தை இழுத்து 30 விநாடி வைத்திருப்பது. இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் பின்தொடை இறுகியிருந்தால் ஒவ்வொரு அடியிலும் சில்லின் மேல் அழுத்தம் கூடும். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது இடுப்புக்கு நல்லது. குந்தி எழும்பும் பயிற்சியை இப்போது தொடவே வேண்டாம். வலி அடங்கிய பிறகு, கதிரையின் பாதி உயரம்வரை மட்டும்.

நான்காவது வாரத்திலிருந்து நடையைக் கூட்டுங்கள். முதலில் ரோட்டில், பிறகு கடற்கரை மணலில். வழியிலுள்ள உகந்தை முருகன் கோவிலுக்கு அப்பால் காட்டுப் பாதையில் மணலும் வெயிலும் சேர்ந்து காலை வாங்கும், பாதியில் திரும்புவதும் லேசில்லை. ஆகவே உகந்தை முருகனிடம் போய்ச் சேர்ந்த அன்று முழங்கால் வீங்கியிருந்தால், அங்கேயே நேர்த்தியை நிறைவேற்றிவிட்டு வாகனத்தில் போங்கள். இதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

வலிக்கு டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகளைச் சில நாள் மட்டும், வைத்தியர் சொன்னால் மட்டும் எடுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், பிரஷர் உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். நம் பக்கம் மாரிக்குப் பின் டெங்கு வரும் காலத்தில் காய்ச்சலும் இருந்தால் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. பனடோல்தான்.

காத்தான்குடித் தாய்: 13 வயது மகன் பந்து விளையாடுவான். முழங்கால் வலி என்று நொண்டுகிறான். இதுவும் பிளைக்காவா?

இருக்கலாம். ஆனால் இந்த வயதில் நொண்டும் பிள்ளைக்கு முதலில் இடுப்பைப் பார்க்க வேண்டும். வளரும் வயதில் தொடை எலும்பின் தலை இடுப்பில் நழுவினால் வலி முழங்காலில்தான் தெரியும். அதைத் தவறவிட்டால் வாழ்நாள் பாதிப்பு. இந்த வாரமே காட்டுங்கள். இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அதுவரை விளையாட்டு வேண்டாம். முழங்கால் சூடாகி வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

அக்கரைப்பற்று வாசகர், வயது 31: ஆறு மாதம் பயிற்சி செய்தும் வலி போகவில்லை. துளை போட்டு எடுக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

ஒழுங்காக மூன்று முதல் ஆறு மாதம் முயன்றும் அதே இடத்தில் அதே வலி நின்றால், செய்யலாம். இரண்டு மூன்று சிறிய துளைகள் வழியாகக் கமராவை விட்டு மடிப்பை எடுப்பார்கள். கமரா உள்ளே போகும்போது எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வும் குருத்தெலும்பும் எப்படி இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வரலாம். விரைவில் நடக்கலாம், ஓட்டமும் விளையாட்டும் நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான். மூட்டுக்குள் இரத்தம் தேங்குவது, தொற்று, காலில் இரத்தக் கட்டி ஆகியவை அரிதாக நடக்கும், முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குருத்தெலும்பு ஏற்கெனவே கெட்டிருந்தால் மடிப்பை எடுத்தாலும் வலி முழுதாகப் போகாது. இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரோடு பேசிவிட வேண்டும். தொடைப் பயிற்சியை மறுநாளே தொடங்குவார்கள், அதை விடாதீர்கள்.

கல்முனை வாசகி: எனக்குச் சீனி வருத்தம். முழங்காலுக்கு ஸ்டீரொய்ட் ஊசி போடலாமா?

போடலாம். ஆனால் சில நாட்களுக்கு இரத்தத்தில் சீனி ஏறும், எனவே போடும் முன் சீனி கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். போட்டபின் ஒரு வாரம் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள். வலி அடங்கும் அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். ஊசி மட்டும் போட்டுவிட்டு இருந்தால், பலருக்கு வலி திரும்பி வரும்.