வீக்கம் வயித்துல, ஸ்கேன் எதுக்கு கழுத்துல?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயசு, தறி ஓட்டினவரு, சுகர் இருக்கு, 40 வருஷமா பீடி. கிட்னியில கல்லான்னு பாக்க வயித்து ஸ்கேன் எடுக்கப்போக, பெரிய ரத்தக்குழாய் 5.6 சென்டிமீட்டருக்கு வீங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னுட்டாங்க. இப்ப ஹார்ட் டெஸ்ட், கழுத்துக்கு டாப்ளர்னு சீட்டு எழுதறாங்க. "எனக்கு நெஞ்சுவலியே வந்ததில்ல, இன்னாத்துக்கு இதெல்லாம்"னு அப்பா கத்தறாரு. காசு புடுங்கறாங்களா டாக்டர்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லம்மா, இந்த விஷயத்துல இல்ல. அந்தக் குழாய் சாதாரணமா 2 சென்டிமீட்டர்தான், ஆம்பளைங்களுக்கு 5.5-ஐத் தாண்டினா வெடிச்சிடுமோன்னு ஆபரேஷன் பேச்சு வரும். ஆனா பீடி வயித்துக் குழாயை மட்டும் கெடுத்துட்டு மத்ததை விட்டுவைக்குமா? அமெரிக்காவுல க்ளீவ்லாண்ட் கிளினிக்ல ரத்தக்குழாய் ஆபரேஷனுக்கு வந்த 1000 பேருக்கு ஹார்ட் ஆஞ்சியோ (ஹார்ட்டுக் குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்கற எக்ஸ்ரே படம்) எடுத்துப் பாத்து 1984-லயே ரிப்போர்ட் போட்டாங்க, அதுல வயித்துல வீக்கம் இருந்தவங்கள்ல 100-க்கு 31 பேருக்கு சரிபண்ணக்கூடிய மோசமான அடைப்பு ஹார்ட்டுல இருந்துச்சு.

நெஞ்சுவலி வரலன்றாரே, அப்பா கடைசியா எப்ப மாடிப்படி ஏறினாரு? இங்க வர்ற பல பெரியவங்க முட்டிவலின்னு திண்ணையிலயே உக்காந்துகினு இருப்பாங்க, ஹார்ட்டுக்கு வேலையே குடுக்காம இருந்தா அது எப்படிம்மா வலிக்கும், சுகர் வேற நரம்பை மரத்துப்போக வெச்சிருக்கும். எக்கோன்ற ஹார்ட் ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் அடைப்பு இல்லன்னு அர்த்தமில்ல, அது பம்பிங்கைத்தான் காட்டும், அதனால ஹார்ட்டுக்கு வேலை குடுத்துப் பாக்கற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் சொன்னா மறுக்காதீங்க. வயித்தைத் திறந்து பண்ற ஆபரேஷன்ல அந்தப் பெரிய குழாயை கிளாம்ப்னு ஒரு இடுக்கியால இறுக்கி மூடறப்ப பாரம் மொத்தமும் ஹார்ட்டு மேலதான் ஏறும்.

கழுத்துலயும் அதே கதைதான், மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் அங்கதான் ஓடுது, அதுல அடைப்பு இருந்தா பக்கவாதம் வரலாம். ஸ்டெத் வெச்சா உஸ்ஸுன்னு சத்தம் கேக்கலாம், கேக்காமயும் இருக்கலாம். அப்பாவுக்கு எப்பவாவது ஒரு கண்ணு திரை போட்டாப்ல இருட்டிச்சா, கை அஞ்சு நிமிஷம் மரத்துச்சா, பேச்சு குழறிச்சான்னு கேளுங்க, "பித்தம்"னு விட்டிருப்பாரு. டாப்ளருக்கு ஊசியும் இல்ல வலியும் இல்ல, கழுத்துல ஜெல் தடவிப் பாக்கறதுதான்.

அடைப்பு தெரிஞ்சதும் ஸ்டென்ட்டுதான்னு பயந்துக்காதீங்க. அறிகுறி பெருசா இல்லாதவங்களுக்கு முன்கூட்டியே ஸ்டென்ட்டோ பைபாஸோ பண்ணி ஆயுசு கூடலன்னு 2004-ல ஒரு பெரிய ஆய்வு சொல்லிச்சு. நிறைய பேருக்கு ஸ்டாட்டின்ற கொழுப்பு மாத்திரை, ஆஸ்பிரின், பிபி மாத்திரையே போதும், மயக்க மருந்து டாக்டரும் அதுக்கேத்தாப்ல பிளான் பண்ணுவாரு. பீடியை மட்டும் இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. நடுவுல திடீர்னு முதுகோ வயிறோ தாங்கமுடியாம வலிச்சா வாய்வுன்னு சோடா குடுத்துகினு நிக்காம நேரா எமர்ஜென்சி.

ஆமா, அப்பாவுக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா? எழுதலையே. இருந்தா அவங்களுக்கும் ஒரு வயித்து ஸ்கேன் எடுத்துடுங்க, இது ரத்த உறவுல வரும்.