மோட்டார் எஃபிஷியன்சி 588% வருதா? நிமிஷத்தை செகண்டா மாத்துங்க

பையனோட ப்ராஜெக்ட்டுக்கு வீட்டு மோட்டார் கணக்கு போட்டீங்க, 1000 லிட்டர் டேங்க், தரையிலிருந்து 12 மீட்டர், 1000 வாட், 20 நிமிஷத்துல நிரம்புது, எஃபிஷியன்சி (மோட்டார் இழுத்த எனர்ஜில தண்ணியைத் தூக்க உதவின பங்கு) 588% வருதுன்னு கேட்டிருக்கீங்க. அப்படி ஒரு மோட்டார் இருந்தா ஈபி ஆபீஸே வேணாம் சார் :)

தண்ணிக்குக் கிடைச்ச எனர்ஜி 1000 கிலோ × 9.8 (புவியீர்ப்பு) × 12 மீட்டர் = 1,17,600 ஜூல், அது சரிதான். ஆனா வாட்டுன்னா ஒரு செகண்டுக்கு இத்தனை ஜூல்னு அர்த்தம், நீங்க அதை நிமிஷத்தால பெருக்கிட்டீங்க. 20 நிமிஷம்னா 1200 செகண்ட், அப்போ மோட்டார் இழுத்தது 12 லட்சம் ஜூல், மீட்டர்ல பாத்தா ஒரு யூனிட்ல மூணுல ஒரு பங்கு. இப்போ எஃபிஷியன்சி 9.8%.

இது ரொம்பக் கம்மியா இருக்கேன்னு தோணும். போர்வெல் மோட்டார்னுதானே சொன்னீங்க? அப்போ உயரத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது, போர்ல தண்ணி நிக்குற மட்டத்திலிருந்து அளக்கணும், மோட்டார் ஓடும்போது அது இன்னும் இறங்கும் வேற. உதாரணத்துக்குத் தண்ணி 30 மீட்டர் ஆழத்துல இருந்தா மொத்தம் 42 மீட்டர், கிட்டத்தட்ட 34% வரும், சின்ன மோட்டாருக்கு இது நம்பற மாதிரியான நம்பர். மிச்சமெல்லாம் காயில் சூடாகுறதுலயும், பம்புக்குள்ள தண்ணி சுழல்றதுலயும், பைப் உராய்வுலயும் போயிடும்.

தண்ணி மட்டம் எவ்வளவுன்னு போர் போட்டவங்ககிட்ட கேட்டு இங்க போடுங்க, பாக்கலாம்.