கொப்பியில் பென்சிலால் வரைந்த மூக்குக்கண்ணாடி

லண்டனின் ஹரோவில் இருந்து வந்திருந்தார்கள். அம்மா, அப்பா, பதினேழு வயது மகன். "இவனுக்கு நீங்கள்தான் ஒரு புத்தி சொல்லவேணும்" என்று அம்மா தொடங்கினார். பிள்ளை பள்ளிக்கூட ரொக் குழுவில் கீபோர்ட் வாசிக்கிறான். ஏ லெவலில் இசை, கணிதம், இரசாயனவியல். இரசாயனவியலில் ஆசிரியர்கள் எதிர்பார்க்கும் பெறுபேறு டி. இப்போது ஒர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதப் போகிறேன் என்கிறான். ரொறொன்ரோவில் இருக்கும் பெரியப்பா ஞாயிறு தவறாமல் வட்ஸ்அப்பில் வந்து தீர்ப்புச் சொல்கிறாராம்: ஒரு வருடம் திரும்ப எடுக்கட்டும், அதுவும் சரிவராவிட்டால் பல்கேரியாவுக்கு அனுப்பு, டொக்டராகி வரட்டும்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல ஆறுதல்தான் சொன்னேன். பிறகு அம்மா ஒரு கணக்குப் போட்டார். மகனுடைய அறைச் சுவரில் டீப் பேர்ப்பிள் குழுவின் ஹமொண்ட் ஓர்கன்காரர் ஜோன் லோர்டின் படம் இருக்கிறது. "அவரே ரொக்கில காசு பார்த்துப்போட்டு, அறுபது வயதிலதானே கிளாசிக்கலுக்குப் போனவர்? இவனும் டொக்டராகிப்போட்டுப் போகட்டுமே?"

அக்கா, இந்தக் கணக்குப் பிழை. 2002இல் அவர் குழுவை விட்டு விலகியதும், 2007இல் டர்ஹம் பேராலயத்தில் டர்ஹம் கொன்சேர்ட்டோ என்ற அவருடைய ஒர்கெஸ்ட்ரா இசைப் படைப்பு அரங்கேறியதும் உண்மை. ஆனால் லெஸ்டரில் சின்ன வயதிலேயே முறைப்படி பியானோ படித்தவர் அவர். 1969 செப்டெம்பர் 24 அன்று, 28 வயதில், தன் ரொக் குழுவும் றோயல் பில்ஹார்மொனிக் ஒர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பதற்காகத் தானே எழுதிய கொன்சேர்ட்டோவை றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் மேடையேற்றினார். நடத்தியவர் மல்கம் ஆர்னோல்ட். அதற்குப் பிறகு ரொக் மேடைகளில் கழிந்த வருடங்களிலும் அவருடைய கை கீபோர்ட் கட்டைகளில்தான் இருந்தது. பகல் முழுக்க உடற்கூற்றியல், பிறகு வருடக்கணக்கில் இரவுப் பணி என்று போகிற பிள்ளைக்கு அந்தக் கை மிஞ்சுமா? மருத்துவத்தில் ஆசை உள்ள பிள்ளையென்றால் வேறு கதை. இவன் அந்தச் சொல்லைக் கேட்டதும் கதிரையில் சரிந்து உட்காருகிறான்.

செலவுக்கு வருவோம். பல்கேரியாவில் ஆறு வருடப் படிப்பு. இங்கிலாந்தின் மாணவர் கடன் அதற்குக் கிடையாது; கட்டணம், அறை, விமானம் எல்லாம் கைக்காசு. வீட்டு மோர்ட்கேஜைக் கூட்டி எடுக்கலாம் என்று தகப்பன் மெல்லச் சொன்னார். நான் குரலை உயர்த்தியது அங்கேதான். வேண்டாம். பிடிக்காத பாடத்தில் டி எடுக்கிற பிள்ளையை டொக்டராக்க வீட்டை வைத்துச் சூதாடாதீர்கள். பெரியப்பாவா தவணை கட்டப் போகிறார்? இங்கே படித்தால் 2025-26க்கான கட்டணம் ஆகக் கூடியது 9,535 பவுண். அதைக் கடனாக எடுக்கலாம். வருட வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய தொகையில் மட்டும் 9 வீதம் திருப்பிக் கட்ட வேண்டும். இசைத் தொழிலில் வருமானம் ஏறி இறங்கும். அதற்கு ஒத்துவருகிற கடன் இதுதான்.

இவ்வளவும் கேட்டு முகம் மலர்ந்த தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஜோன் லோர்டுக்குப் பின்னால் ஒரு குழுவின் பெயர் இருந்தது, அதனால் மண்டபமும் ஒர்கெஸ்ட்ராவும் கிடைத்தன. 'இசையமைப்பாளர்' என்ற கதிரைகள் மிகக் கொஞ்சம். அதை மட்டும் நம்பி இறங்காதே. "வேற என்ன இருக்கு?" என்றான். பையில் இருப்பதைக் காட்டு என்றேன்.

இசை எழுதும் ஐந்துகோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்தான். தங்கள் ரொக் பாட்டொன்றைப் பள்ளி ஒர்கெஸ்ட்ராவுக்காக மாற்றி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகத் தாள் எழுதியிருந்தான். செலோத் தாளில் பக்கத்தின் கடைசி வரியைப் பாதியில் வெறுமையாக விட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "அடுத்த ரெண்டு பாருக்கு, அதாவது கோடு போட்டுப் பிரிச்ச ரெண்டு தாளக் கட்டத்துக்கு, அவளுக்கு வாசிப்பில்லை. அதுக்குள்ள பக்கத்தைத் திருப்பலாம்." கிளாரினெட் தாளில் ஓரிடத்தில் பென்சிலால் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தது. ஒர்கெஸ்ட்ராவைக் கையசைத்து வழிநடத்தும் நடத்துநரைப் பார் என்பதற்கு ஒர்கெஸ்ட்ராக்காரர் போடும் அடையாளம் அது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். ஒத்திகையில் பக்கத்துப் பிள்ளை போட்டதைப் பார்த்தானாம்.

இது ஒரு தொழில் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நடத்துநரின் பெரிய பிரதியில் எல்லா வாத்தியமும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். வாசிப்பவர் கையில் இருப்பதோ தன் வரி மட்டும். அந்தத் தாள்களைத் தயாரிப்பவர் காப்பியிஸ்ட். பி ஃபிளாட் கிளாரினெட்டில் தாளில் 'ரி' என்று இருந்தால் காதில் 'ஸ' கேட்கும். எஃப் ஹோர்னில் 'ப' என்று எழுதியதுதான் 'ஸ'வாக வரும். அந்தக் கணக்குத் தலைக்குள் ஓட வேண்டும். நாற்பது பார் சும்மா இருந்துவிட்டு நுழைகிறவருக்கு, முன்னால் வாசிப்பவரின் இரண்டு பாரைச் சின்ன எழுத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒத்திகையில் இடம் சொல்வதற்காகப் போடும் எழுத்துகள் நடத்துநரின் பிரதியோடு பொருந்த வேண்டும். ஒர்கெஸ்ட்ரா நூலகர் இன்னொரு வேலை: வாடகைக்கு வந்த பிரதிகளைச் சரிபார்ப்பது, வில்லை எப்படி இழுப்பது என்று முதல் வயலின்காரர் தீர்மானித்த குறிகளை எல்லா வயலின் தாளிலும் பென்சிலால் ஏற்றுவது, பிறகு அழித்துத் திருப்பி அனுப்புவது. ஒரு பிழையான சுரத்துக்காக எண்பது பேர் ஐந்து நிமிடம் காத்திருந்தால் 400 நிமிடம், ஆறு மணித்தியாலத்துக்கு மேலான உழைப்பு வீண். ஏபி ரோடிலும் ஹம்ஸ்டெட்டின் ஏயர் ஸ்டூடியோவிலும் சினிமா இசையை முதல் பார்வையிலேயே வாசித்துப் பதிகிற இந்த லண்டனில் அதனால்தான் இவர்களுக்கு மதிப்பு.

ஜோன் லோர்டையே கேளுங்கள். 1970இல் அந்தக் கொன்சேர்ட்டோவின் கையெழுத்துப் பிரதி தொலைந்தது. எழுதியவருக்கே திரும்ப மேடையேற்ற வழியில்லை. மார்கோ டி ஹூய் என்ற டச்சுக்காரர் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வீடியோவைப் பார்த்து, பிரதியை மீட்டெடுத்தார். 1999 செப்டெம்பரில் அதே மண்டபத்தில் லண்டன் சிம்பொனி ஒர்கெஸ்ட்ராவோடு அது திரும்பவும் ஒலித்தது. டி ஹூயின் படத்தைச் சுவரில் ஒட்டுகிறவர் யாரையும் நான் கண்டதில்லை.

டொக்டர் சம்பளம் வராது, அதை மறைக்கவில்லை. பலர் நிரந்தர வேலையில்லாமல் ஒப்பந்தத்துக்குத்தான் செய்கிறார்கள். பக்கத்தில் பியானோ வகுப்பும் ஓடும். படிப்பு, இசைப் பட்டம்தான். எழுத்துப் பிரதிக்கும், எந்த வரியை எந்த வாத்தியத்துக்குக் கொடுப்பது என்கிற ஒர்கெஸ்ட்ரேஷனுக்கும் நேரம் ஒதுக்குகிற இடமாகப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள். கொன்சர்வட்டோயர் என்கிற இசைக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடுவதென்றால் கடைசி நாள் ஒக்டோபர் ஆரம்பத்திலேயே வந்துவிடும், மருத்துவத்தின் ஒக்டோபர் 15க்கும் முன்னால். டொரிக்கோ, சிபேலியஸ் என்ற இசை எழுதும் மென்பொருள்கள் இரண்டில் ஒன்றில் கை பழகட்டும். மோலா என்ற ஒர்கெஸ்ட்ரா நூலகர் சங்கம் தாள் தயாரிக்கும் விதிகளை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது, அதை இந்தக் கிழமையே வாசிக்கட்டும். அப்புறம், வீட்டுக்குக் கிட்ட ஏதாவது அமெச்சூர் ஒர்கெஸ்ட்ராவில் தாள் அடுக்க ஆள் வேண்டுமா என்று கேட்கச் சொன்னேன். சல்லிக்காசு செலவில்லை, பிடிக்கிறதா என்பதும் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

மோர்ட்கேஜ் பேச்சுக்குப் பிறகு தகப்பன் வாயே திறக்காமல் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். எழும்பும்போது, "ஒரு தாளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று மகனிடம் கேட்டார். அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் வருகிறார்கள். வட்ஸ்அப்பில் பெரியப்பாவைச் சேர்க்கலாமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன்.